மூன்றெழுத்து பேட்ஜ்

ஏப்ரல் 3, திங்கள்

முள்ளங்கி கிம்ச்சி ஊறுகாயில் உப்பு கூடிவிட்டது. சந்தையில் என் தொடுகறிக் கடையைத் திறந்ததிலிருந்து கை ஒரு பக்கம், மனம் ஒரு பக்கம்.

போன வாரம் இடைவேளையில் ஒருத்தி எங்கள் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்து, "நானும் புதுசாச் சேர்ந்தவதான் அக்கா" என்று குழைந்து பேசி, ஏழு பேர் தலையில் மூட்டுவலி மாத்திரையைக் கட்டிவிட்டுப் போனாள். மாத்திரை வெறும் மாவு. அதனால் பள்ளிக்கூடத்தில் இப்போது புதுச் சட்டம். மாணவிகள் எல்லோரும் பெயர் பேட்ஜ் குத்திக்கொண்டுதான் வாசலைத் தாண்ட வேண்டும்.

வகுப்பே கொந்தளித்தது. முப்பத்தெட்டுப் பேரும் ஐம்பதைத் தாண்டிய பெண்கள்.

"நாங்க என்ன கடற்கரையில தொலைஞ்சு போற குழந்தைங்களா?"

"கழிப்பறைக்குப் போயிட்டு, பக்கத்து வகுப்புல போய் அரை மணி நேரம் உக்காந்திருந்தது யாருடி?"

ஒரே சிரிப்பு. எங்கள் வகுப்பு ஆசிரியைக்கு என் மகன் வயதுதான் இருக்கும். சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்து சொன்னாள்: "அம்மான்னு கூப்பிட்டா முப்பத்தெட்டுப் பேரும் திரும்பிப் பாக்கிறீங்க. எனக்கு உங்களையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடணும்."

எனக்குப் பயமே அந்தப் பெயர்தான். நான் ஐந்தாவது பெண். இத்தோடு போதும் என்று அப்பா வைத்த பெயர் மல்சூன் — கடைசிப் பெண். பெயர் பலித்தது, அடுத்து தம்பி பிறந்தான். அவனைப் படிக்க வைக்கத்தான் பதினான்கு வயதில் என்னை டோப்பா முடி கோக்கும் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள்.

சந்தையில் நான் யோங்தே அம்மா. வீட்டில் 'இந்தா'. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு எவ்வளவு காலம்!

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போவது வீட்டில் தெரியாது.

ஏப்ரல் 5, புதன்

பேட்ஜ் வந்தது. வெள்ளை அட்டை, பச்சை விளிம்பு. மேலே பள்ளியின் பெயர், முதல் வருடம், மூன்றாம் பிரிவு. நடுவில் பெரிதாக, எங்கள் கொரிய எழுத்தில் மூன்றே எழுத்து: ஓ மல்சூன்.

ஏப்ரல் 7, வெள்ளி

கணக்கு வகுப்பில், "மல்சூன் அவர்களே, விடை என்ன?" என்று கேட்டாள் ஆசிரியை. யாரையோ கேட்கிறாள் என்று நான் சும்மா இருந்தேன். பக்கத்துப் பெண் முழங்கையால் இடித்தாள். எழுந்து நின்றேன். விடை தப்பு. "வழி சரியாத்தான் போயிருக்கீங்க, கடைசிப் படியில கால் தவறிடுச்சு" என்றாள். நான் போன வழி சரி என்று எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. நன்றாயிருக்க வேண்டும் அந்தப் பெண்.

பேட்ஜைப் பேருந்தில் ஏறிய பிறகுதான் குத்திக்கொள்கிறேன், திரும்பும்போது சந்தை வருவதற்குள் கழற்றிவிடுகிறேன். பையில் ஒரு நீச்சல் உடை. தினமும் காலையில் நீச்சல் வகுப்புக்குப் போகிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேனே! வெளியே வரும்போது பள்ளிக் குழாயில் உடையையும் துண்டையும் நனைத்துப் பிழிந்துகொள்வேன்.

இன்றைக்குக் கொடியில் காய்ந்த உடையைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "ஒரு மாசமா நீந்துற. இடுப்பு அப்படியேதான் இருக்கு."

சிரித்தேன். சிரித்துவிட்டு சமையலறையில் போய் நின்றேன். நடுநிலைப் பள்ளி முடித்த பெண் என்று சம்பந்தம் பேசும்போது அத்தை சொன்ன பொய். அவர் மேல்நிலை முடித்தவர். முப்பத்து நான்கு வருடமாக அந்தப் பொய்யில் நானும் குடித்தனம் நடத்துகிறேன். யோங்தே பள்ளியில் படிவம் கொடுத்தபோது 'தாயின் படிப்பு' என்ற இடத்தில் என் கையாலேயே எழுதினேன்.

ஏப்ரல் 19, புதன்

மாட்டிக்கொள்ள இருந்தேன். பேட்ஜைக் கழற்ற மறந்துவிட்டேன். அதோடேயே கடை திறந்து, கறுப்பு அவரையைக் கிளறிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தொக்கியு அம்மா வந்தார். எதிர்க் கட்டடத்தில் மாடிப்படி கூட்டுகிறவர், என்னைவிட எட்டு வயது மூத்தவர். பதினொரு வருடமாக என் கடையில்தான் வாங்குகிறார். "நெத்திலியில ஒரு முடி கிடக்கு பாரு, இதையா விக்கிற?" என்று இழுத்து எடுத்துக் காட்டினார். முடி இல்லை, சோளக் குஞ்சத்து நார், அரை விரல்கூட இல்லை. அவர் கண்ணுக்குத் தப்பாது.

பிறகு என் மார்பைப் பார்த்தார். "என்னது புதுசா?"

"இதா... சந்தைச் சங்கத்துல குடுத்தாங்க அக்கா. எல்லாரும் குத்தணுமாம்."

"ஓ. நல்லாத்தான் இருக்கு, பச்சை ஓரம்" என்றார். வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன். அடுப்பை அணைக்கும்போதுதான் உறைத்தது. ஒரு கை தூரத்தில் நின்று நேராகப் பார்த்தாரே. பள்ளிக்கூடம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே. அந்த நாரைக் கண்டுபிடித்த கண்ணுக்கு இது தெரியவில்லையா?

பதினொரு வருடமாக, "கண்ணாடி எடுத்துட்டு வரல, இது என்னன்னு படிச்சுச் சொல்லு" என்பாரே. அவர் கண்ணாடி போட்டு நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஏப்ரல் 20, வியாழன்

பொய் சொன்னதில்கூட அவ்வளவு வருத்தமில்லை. சரிபார்க்க முடியாதவரிடம் சொன்னேனே, அது முள்ளாய்க் குத்துகிறது.

எங்கள் பள்ளிக் கீழ்மாடியில் எழுத்துப் படிக்கும் வகுப்பு ஒன்று நடக்கிறது. கட்டணம் இல்லை. எழுபது, எண்பது வயதுக்காரர்கள்கூட இருக்கிறார்கள். சொல்லலாமா? சொன்னால் என் விஷயமும் வெளியே வரும். சொல்லாமல் இருந்தால் — யாருக்கு என்ன நஷ்டம்? யாருக்கும் இல்லை. அப்புறம் ஏன் தூக்கம் வரமாட்டேங்குது?

ஏப்ரல் 27, வியாழன்

சொல்லிவிட்டேன். கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து, பேட்ஜை எடுத்து அவர் கையில் வைத்தேன். "அக்கா, அன்னைக்குப் பொய் சொன்னேன். இது பள்ளிக்கூடத்து பேட்ஜ். நான் இந்த வயசுல நடுநிலைப் பள்ளி படிக்கிறேன். அங்கேயே கீழ எழுத்து வகுப்பும் இருக்கு. உங்களுக்கு வேணும்னா..."

அவர் முகம் வெளிறியது. பேட்ஜைப் பலகை மேல் வைத்தார், மெதுவாகத்தான் வைத்தார். வாங்கியதை எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டார்.

ஏப்ரல் 29, சனி

எல்லாம் போச்சு.

என் வீட்டுக்காரர் முள்ளங்கி மூட்டையை இறக்கிக்கொடுக்க வந்திருந்தார். தொக்கியு அம்மா நேராக வந்தார். இரண்டு நாள் மனசுக்குள் போட்டுக் கொதிக்க வைத்திருக்கிறார்.

"ஏம்மா, நான் உன்கிட்ட வந்து எழுத்துச் சொல்லிக்குடுன்னு கேட்டேனா? நீயே இப்பதான் நடுநிலைப் பள்ளி போற, எனக்கு நீ வழிகாட்ட வந்துட்டியா?"

பக்கத்துக் கடை மீன்காரர் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். என் வீட்டுக்காரர் மூட்டையைப் பிடித்தபடியே நின்றார்.

மே 2, செவ்வாய்

மூன்று நாளாக அவர் என்னோடு பேசவில்லை. சாப்பிடுகிறார், தட்டைக் கழுவி வைக்கிறார், மலையேறப் போய்விடுகிறார். திட்டினால்கூடத் தேவலை.

பள்ளிக்குப் போகவில்லை.

மே 3, புதன்

இன்று காலை சாப்பாட்டு மேசையில்:

"அப்ப நீச்சல் தெரியாதா உனக்கு?"

"தெரியாது."

"துணி எப்படி நனைஞ்சுது?"

"குழாயில நனைச்சேன்."

அவர் கரண்டியை வைத்தார். சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "யோங்தே படிவத்துல எழுதினப்ப உன் கை நடுங்குச்சு. குளிர்னு நினைச்சேன், போய் ஹீட்டரைக் கூட்டி வச்சேன். முப்பத்து நாலு வருஷம். தெரிஞ்சா நான் என்ன பண்ணியிருப்பேன்னு நினைச்ச?"

"இவ்வளவுதானான்னு நினைச்சிடுவீங்களோன்னு..." என்று ஆரம்பித்தேன், முடிக்க முடியவில்லை. அழுகை வந்துவிட்டது. அவர் எழுந்து போய்விட்டார்.

மே 4, வியாழன்

இதை அப்படியே எழுதி வைக்க வேண்டும், மறக்கக் கூடாது.

காலையில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கா, கடைக்கா என்று எனக்கே தெரியாமல்தான் கிளம்பினேன். அவர் பின்னாலேயே வந்தார்.

"பேட்ஜ் எங்க?"

"பையில இருக்கு. பஸ்ல ஏறினப்புறம்தான் குத்திக்குவேன்."

"ஓடுற பஸ்ல ஊசியை வச்சுக்கிட்டா? எவனாவது சடன் பிரேக் போட்டா நெஞ்சுல ஏறிடும். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் சொல்றேன். வீட்லயே குத்திக்கிட்டுப் போ."

கண்ணாடிக்கு முன்னால் நின்று குத்திக்கொண்டேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். தெரு முழுக்க, பேருந்து முழுக்க, என் பெயரோடு போனேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதற்கா இவ்வளவு பயந்தேன்?

என் மனிதருக்கு என்ன கைம்மாறு செய்வேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவருக்குப் பிடித்த காரக் கணவாய் செய்தேன். இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மே 15, திங்கள்

ஆசிரியர் தினம். லஞ்சத் தடுப்புச் சட்டப்படி வகுப்புத் தலைவி மட்டும்தான் பூக் கொடுக்கலாம். மற்றவர்கள் பாட்டுப் பாடினோம். மேடையிலிருந்த பாதிப் பேர் எங்கள் பிள்ளைகள் வயது. நாங்கள் அழுதோம், அவர்களும் அழுதார்கள். பாட்டை யாருமே முடிக்கவில்லை.

தொக்கியு அம்மா இன்னும் கடைக்கு வரவில்லை. எதிர்க் கட்டடத்துப் படியில் துடைப்பத்தோடு அவரைப் பார்த்தேன். குனிந்து வணக்கம் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு இது வேண்டும்தான். அவர் பதினொரு வருடம் மூடி வைத்ததை நான் ஒரே நிமிடத்தில் திறந்தேன்.

ஜூன் 8, வியாழன்

வந்தார்!

மழைக்கு ஒதுங்கியவர் போலத்தான் உள்ளே வந்தார். "அந்தக் கடை நெத்திலி கல்லு மாதிரி இருக்கு. தொக்கியு தொட மாட்டேங்கிறான்." நான் டப்பாவை நிரப்பினேன். மேலே கொஞ்சம் தாமரைத் தண்டும் வைத்தேன். அவர் போகாமல் நின்றார்.

"பேங்க்குக்குப் போறப்ப வலது கையில கட்டுப் போட்டுக்கிட்டுப் போவேன், தெரியுமா? அடிபட்டிருக்கு, நீங்களே எழுதிடுங்கன்னு சொல்வேன். முப்பது வருஷமா எனக்கு அதே கையிலதான் அடிபடுது."

சிரிப்பு வந்துவிடக் கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவரே சிரித்துவிட்டார். அப்புறம் இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

"அன்னைக்கு உன் வீட்டுக்காரர் முன்னாடி அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. நெஞ்சு எரிஞ்சுது. கத்திட்டேன்."

"விடுங்க அக்கா. நீங்க கத்தினதாலதான் எனக்கு நீச்சல் அடிக்கிற வேலை மிச்சமாச்சு."

என்னவென்று கேட்டார், சொன்னேன். மறுபடியும் சிரிப்பு. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அங்க அந்த அட்டையைக் கண்டிப்பாக் குத்தணுமா?"

"கண்டிப்பா. குத்தலைன்னா வாசல்லயே நிறுத்திடுவாங்க."

"என் பேரு அதுல எப்படி இருக்கும்?"

பதினொரு வருடத்தில் நான் அவர் பெயரைக் கேட்டதே இல்லை. கேட்டேன். கு பொக்சில் என்றார். டப்பா மூடியில் பெரிதாக எழுதிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அறுபத்தாறு வருஷம் வாழ்ந்ததுக்கு மூணே எழுத்தா?"

மூடியைத் துடைத்து, டப்பாவில் போடாமல் தனியாகப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஜூலை 3, திங்கள்

பொக்சில் அக்காவுக்கு எழுத்து வகுப்பில் முதல் நாள். பேட்ஜைத் தலைகீழாகக் குத்திக்கொண்டு வந்தார். வாசல் காவலாளி பார்த்தும் பார்க்காத மாதிரி, "வாங்க, கு பொக்சில்" என்று வணங்கினார். நல்ல மனிதர். படிக்கட்டில், சட்டைக் காலரைச் சரிசெய்கிற சாக்கில் நான் திருப்பிக் குத்திவிட்டேன்.

இடைவேளையில் மேலே ஓடி வந்தார், மூச்சு வாங்க. "ஏ மல்சூன்! இங்க எல்லாருக்குமே கண்ணாடி மறந்துதான் போயிருக்கு!"

செப்டம்பர் 21, வியாழன்

கணக்கில் எழுபத்திரண்டு! யோங்தேவிடம் தொலைபேசியில் சொன்னேன். ஆமாம், அவனிடமும் எல்லாம் சொல்லியாகிவிட்டது. "அம்மா, நான் முதல் வருஷத்துல வாங்கினது அறுபத்தஞ்சுதான்" என்றான். மறைத்திருக்கிறான் பாவி.

நவம்பர் 8, புதன்

மூன்று நாளாகக் காய்ச்சல். எழுந்தால் தலை சுற்றுகிறது. அரிசிக் கஞ்சி அவரே வைத்தார், அடிப்பிடித்த வாசனையோடு. அமிர்தம்.

பள்ளிக்குச் சொல்லியனுப்பவில்லையே என்று படுத்தபடி புலம்பிக்கொண்டிருந்தேன். அவர் கூடத்துக்குப் போய் தொலைபேசியை எடுத்தார். கதவு திறந்துதான் இருந்தது. பள்ளியில் யார் பேசுவது என்று கேட்டிருப்பார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முதல் வருஷம், மூணாம் பிரிவு. நான் ஓ மல்சூனோட வீட்டுக்காரர் பேசுறேன்."