கண் உள்ள மதில்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கச்சான் காற்று. லென்ஸ் முழுக்க மண். சாய்ந்தமருது கடற்கரை வீதியில் இன்றைக்கு மூன்று மதில் ஓவியம். மூன்றுக்கும் முன்னால் ஓட்டோ. ஒரு ஓட்டோக்காரரைக் கேட்டேன்.

"காக்கா, கொஞ்சம் பின்னுக்கு எடுங்களன். மதில படம் எடுக்கணும்."

"எண்ட ஓட்டோவயும் சேத்து எடு மனே. அதுவும் வடிவாத்தானே இரிக்கி."

சேர்த்தே எடுத்தேன்.

பள்ளிக்கூட மதிலில் வலை இழுக்கும் ஆட்கள். அதன் மேல் டியூசன் நோட்டீஸ். வலைக்குள் பாடம் எடுக்கிற சேர் ஒருவரின் தலை. பசை காயவில்லை, கிழித்தேன். பாதிதான் வந்தது. மீதிப் பாதி இன்னும் பல்லைக் காட்டுது. அச்சடித்த ஆளுக்குக் கண் இருக்கலாம். வரைந்த ஆளுக்குத்தான் கூடாது.

எங்கள் பக்கத்து மதில்களில் மனிசர் எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். கடலைப் பார்த்து, வயலைப் பார்த்து. முகம் வரைந்தால் உருவப்படம், பாவம் என்று ஒருத்தன் வந்து நிற்பான். அதனால் வரைகிறவர்கள் முதலே ஆளைத் திருப்பிவிடுவார்கள். மீனுக்கு மட்டும் கண்.

முகத்தைக் காட்டுகிற ஒரே ஆள் எங்கள் வீட்டு மதிலில். வலையில் சிக்கெடுக்கும் பெண். நாடு முழுக்கப் பொடியன்மார் மதில் மதிலாக வரைந்த அந்த வருசம் என் ராத்தா, எனக்கு மூத்தவள், வரைந்தாள். ரோட்டில் போகிறவனை நேராகப் பார்க்கும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

அடுத்த மாதம் ராத்தாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா கேட்டடியில் நின்று மதிலை ஒரு பார்வை. வட்டிலப்பம் சாப்பிட்டு முடிந்த பிறகு கதையை எடுத்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இரிக்கி. அந்த மதில்ல நிக்கிற பொம்புளதான்... எண்ட மகன் சுபஹு தொழுதுட்டு வரக்குள்ள அவள்ற மூஞ்சிலயா முழிக்கிற?"

வாப்பா உடனே, "ஓம் ஓம், அத வெள்ளையடிச்சிருவம்."

"ஆரக் கேட்டு?" நான்தான்.

"கெம்பஸ உட்டுட்டு ஓடி வந்தவனுக்கு இஞ்ச கதையில்ல."

வீடு ராத்தாவின் பெயரில். இங்கே வீடு பெண்பிள்ளைக்குத்தான். காணி உறுதி எழுதி முடிந்தது. மாப்பிள்ளைதான் வந்து குடியிருக்கப் போகிறார். மதில், கேட், கிணறு, என் சாரம் காயும் கொடி, எல்லாம் அவளுடையது. அவளை யாரும் கேட்கவில்லை. அவள் குசினியில் பீங்கான் கழுவுகிறாள். வந்தவர்களை விட அவளோடுதான் எனக்குக் கூட ஆத்திரம்.

"ஒனக்கு வாயில்லையா?"

"தேத்தண்ணி இன்னும் வேணுமாண்டு கேட்டுட்டு வா."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெள்ளையடிப்பு வெள்ளிக்கிழமையாம்.

போனில் தேடினேன், கமராவில், பழைய பென்டிரைவில். கல்முனை, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று. எல்லா ஊர் மதிலும் இருக்கு. எங்கள் மதில் இல்லை. ஒன்றுகூட. பல் தீட்டிக்கொண்டு பார்க்கிற மதில், எப்பவும் எடுக்கலாம் என்று விட்டது. மடையன். மடையன்.

மதில் கிழக்கே பார்த்தது. காலை வெயில் வேணும். நாளைக்கு ஒலுவில், துறைமுகத்தில் படகுகளுக்குப் புதுப் பெயின்ட் அடிக்கிறார்களாம். வியாழன் காலை வீட்டு மதில்.

பெற்றரி சார்ஜ். சவர்க்காரம் வாங்க.

ஆகஸ்ட் 6, புதன்

ஒலுவிலில் நல்ல வெளிச்சம். இப்போது அந்தப் படம் ஒன்றையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் மதிலடியில் வெள்ளையடிக்கிற பெயின்ட் பாஸ், கையில் ரோலர்.

"வெள்ளிக்கிழம வேற வேல தம்பி. அதான் இண்டைக்கே துவங்கிட்டன்."

கீழிருந்து துவங்கியிருக்கிறார். வலை போச்சு. கைகள் போச்சு. ராத்தா அதிகம் கஷ்டப்பட்டது அந்தக் கைகளுக்குத்தான். என்னை முக்காலியில் இருத்தி, நூலைத் தந்து, என் கையைப் பார்த்து வரைந்தாள். மிச்சம் கழுத்துக்கு மேலே. எதை அழிக்க வந்தார்களோ அது மட்டும் இருக்கு.

ரோலரைப் பறித்து வடிகானில் எறிந்தேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. வாப்பா கை ஓங்கிக்கொண்டு வந்தார். அப்போதுதான் ராத்தா கேட்டடிக்கு வந்தாள். போன் காதில்.

"மாமி, வீடு எண்ட பேர்ல. மதிலும் எண்ட. உங்கட மகனக் கேட்டன், அவருக்குப் பரவால்லயாம். உங்களுக்கு அந்தக் கண்ணப் பாக்க ஏலாட்டி பின்பக்கத்துக் கேட்டால வாங்க. வெள்ளிக்கிழம கட்டாயம் வாங்க, சோறாக்கி வெக்கன்."

சண்டைக் குரல் இல்லை. இன்னும் ஒரு கரண்டி போடவா என்று கேட்கிற குரல். வாப்பாவின் கை தானாக இறங்கியது.

என்னிடம், "ரோலர எடுத்துக் கழுவிக் குடு. அந்த மனிசண்ட சாமான்."

கழுவினேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையில் மதில் படம். கழுத்துக்குக் கீழே வெறும் வெள்ளை. குறுக்கே ஒரு ஆடு.

ராத்தா பெயின்ட் கலக்குகிறாள். "முக்காலிய எடுத்துட்டு வந்து இரி. கை வேணும்."

இருந்தேன். நூலோடு. பகல் முழுக்க. ரோட்டால் போகிறவனெல்லாம் சிரிப்பு. பழைய கை மாதிரி வரவில்லை என்றேன்.

"ஒண்ட கையும் பழைய கையில்ல. அசையாத."

ஆத்திரம் ஆறவில்லை. அந்தப் பழைய கைக்கு ஒரு படம் இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஜும்ஆ முடிந்து மாப்பிள்ளை வந்தார். முன் கேட் வழியாக. மதிலுக்கு முன்னால் நின்றார். "கை இன்னும் காயல்லயா?" அவ்வளவுதான். உள்ளே போனார்.

அவருடைய உம்மா வந்தது பின் கேட்டுக்கு வரும் ஒழுங்கையால். கழிவுத் தண்ணி, சேறு. புதுச் செருப்பு ஒரு கையில், சாறிக் கொசுவம் மறு கையில். நான் கமராவோடு கிணற்றடியில்.

"எடுக்காதடா மனே, மூஞ்சி படத்துல உழும்!"

சட்டென்று முதுகைத் திருப்பினார். அப்படியே எடுத்தேன்.