இடப்பக்கத்து நிலா

அன்புள்ள பட்டுக்குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், உன் சௌக்கியத்தை நீயாக வாய் திறந்து சொல்ல வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. போனில் கேட்டால் நல்லாத்தாம்மா இருக்கேன் என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு இடுப்புப் பிடிப்பு, சோபாவில் படுத்தபடியே வீட்டை ஆள்கிறார், டீ ஆறிப்போச்சு என்று சொல்ல மட்டும் எழுந்து உட்கார முடிகிறது.

பள்ளியில் இப்போது அறிவியல் பாதி இணையத்தில்தான். பிள்ளைகள் சாயங்காலம் வானத்தைப் பார்த்து, நிலா எந்தப் பக்கம் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று அவரவர் கட்டத்தில் வரைய வேண்டும், சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு, மதிப்பெண்ணையும் அந்தத் தளமே போட்டுவிடும். திறக்கிறதா பாருங்கள் என்று நம் குடும்பத்தில் எல்லோருக்கும் லிங்க் அனுப்பினேனே, அதுதான், நீ பதிலே போடவில்லை. விளக்கைக்கூடப் போடாமல் நான் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன், கட்டம் கட்டமாக நிலா முளைக்கும், என் வகுப்பே கூரைக்கு மேலே மிதப்பதுபோல இருக்கும், அடுப்பில் பால் பொங்கினால்கூடத் தெரியாது போ.

கடைசிக் கட்டத்தில் மட்டும், விருந்தினர் என்ற பெயரில் யாரோ தினமும் இடப்பக்கம் வெளுத்த நிலாவை வரைந்தார்கள். இங்கே வளர்பிறை வலப்பக்கம்தானே வெளுக்கும், சிவப்பு மேல் சிவப்பு. நம் வானரங்களின் சேட்டைதான் என்று வகுப்பை வாங்கு வாங்கென்று வாங்கினேன், நாங்க இல்ல டீச்சர், சத்தியமா இல்ல என்றார்கள், நம்பவில்லை. அன்று மடிக்கணினியை அப்பாவின் தலைமாட்டில் வைத்திருந்தேன், அவர் படுத்தவாக்கில் தலைகீழாகப் பார்த்துவிட்டு, இது ஒண்ணுதான் சரியா இருக்கு, மத்ததெல்லாம் தப்பு என்றார். சிரிக்க வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பூமியின் கீழ்ப்பாதியில் நிற்பவருக்கு அதே நிலா தலைகீழாகத்தானே தெரியும்! இத்தனை வருஷம் பாடம் நடத்தி என்ன, என் பெண்ணும் அந்தக் கீழ்ப்பாதியில்தான் இருக்கிறாள் என்பது உறைக்கவில்லையே. அடி கள்ளி, தினமும் என் வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தாயா? அழுதுவிட்டேன், அப்பா பார்க்கிறார் என்ற வெட்கம்கூட இல்லாமல்.

மறுநாளே வகுப்பில் மன்னிப்புக் கேட்டேன், இரண்டு பக்கத்தையும் ஏற்கும்படி மாற்றினேன், உன் சிவப்பெல்லாம் பச்சையாகிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து உன் கட்டம் காலி. போனில் அதே நல்லாத்தாம்மா. எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு, சிவப்பைப் பார்த்துக் கோபமா, வேலை நெருக்கடியா, உடம்புக்கா, மனசுக்கா, ஒன்றும் புரியவில்லை. சாயங்காலம் ஆனால் மற்ற நிலாக்களைப் பார்க்கவே தோன்றவில்லை, அந்த வெள்ளைக் கட்டத்திலேயே கண் போய் நிற்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு படுக்காதே. எங்கள் ஆசி எப்போதும் உன்னைச் சுற்றியே இருக்கும். பிள்ளைகளுக்குச் சொன்னதுதான் உனக்கும், நினைவில் வைத்துக்கொள். வானம் மூடியிருந்தால் நிலாவை வரைய வேண்டாம், மேகம் என்று போட்டால் போதும், அதற்கும் முழு மதிப்பெண் உண்டு. காலியாக மட்டும் விட்டுவிடாதே.

இப்படிக்கு,
திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா