அம்மா எழுதிய கடைசி வரி

அன்பு மகள் லிபியாவுக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். சோறு நானே வடித்துக்கொள்கிறேன்.

அம்மா வீடு வீடாகக் கொண்டுபோன மனுவை நேற்று கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸில் கொடுத்துவிட்டோம். நம் சர்ச் ஆட்களும் மாரியம்மன் கோயில் ஆட்களும் ஒரே வேனில் போனார்கள். ஃபாதர் கூப்பிட்டதால் நானும் ஏறினேன். இரும்பு வார்க்கும் ஃபவுண்டரிகளின் நிலக்கரி உலைகளைச் சோலார் மின்சாரத்துக்கு மாற்ற அரசு உதவ வேண்டும், உலையில் நிற்பவர்களின் வேலை போகக் கூடாது என்று எழுதியிருந்தது. வேலை பற்றிய அந்தக் கடைசி வரியைச் சேர்த்தது அம்மாவாம். நேற்று வரை எனக்குத் தெரியாது. அவள் கையெழுத்துக் கேட்டபோது, ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று படிக்காமலே போய்விட்டேன்.

அதிகாரி மனுவைப் புரட்டிவிட்டு, "உலையில வேலை செய்யறவங்க யாராச்சும் வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். கோயில் தர்மகர்த்தா மாதேஸ்வரன் என்னைப் பார்த்தார்.

"நான் இருக்கறேங்க சார். இருபத்திரண்டு வருசமா நிக்கறேன். வீடும் பக்கத்துலதான். என் சம்சாரம் அந்தப் புகையிலதான்..."

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

அழுகை வரவில்லை. அம்மாவின் அடக்கத்தன்றும் வரவில்லை. அதனால்தான் நீ என்னோடு பேசுவதில்லை என்று நினைக்கிறேன்.

இன்று காலை ஃபவுண்டரி கேட்டிலேயே சூப்பர்வைசர், "அண்ணா, நேத்து நீங்க மனு கொடுத்தது முதலாளிக்குத் தெரிஞ்சுபோச்சு, இனிமே வர வேணாம்னு சொல்லச் சொன்னாங்க" என்றான். சரி என்று திரும்பிக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

அப்பா