வரலாமா என்று கேட்டிருந்தாய்

மார்ச் 2

அன்புள்ள அண்ணா,

நலம். நீயும் அண்ணியும் நலம்தானே? போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். அதனால் எழுதுகிறேன். அப்பாவுக்குச் சுத்தமாக முடியவில்லை. தண்ணீர்கூட இரண்டு கரண்டிக்கு மேல் இறங்குவதில்லை. ஒரு மாதம் தாங்கும் என்கிறார் டாக்டர். பக்கத்திலிருந்து எல்லாம் செய்வது நான், அவர் கேட்பதோ உன்னை! சீக்கிரம் வா.

இங்கே விமான நிலையத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் போன் வந்ததிலிருந்து ஒரே கெடுபிடி. விமானக் கம்பெனிக் கவுன்ட்டரில் இருக்கும் எங்களுக்கு ஓர் அட்டை கொடுத்திருக்கிறார்கள். யார் பயந்துபோய்க் கேட்டாலும் அதில் இருப்பதைத்தான் சொல்ல வேண்டும்: "எல்லாச் சோதனைகளும் முறைப்படி நடக்கின்றன. நிம்மதியாகப் பயணம் செய்யலாம்." நேற்று ஒரு பெரியவர், "அது சரிம்மா, நீ ஏறுவியா?" என்றார். அதற்கு அட்டையில் பதில் இல்லை.

உன் தங்கை

மார்ச் 7

என் வாயாடிக்கு,

பதினெட்டாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், உங்கள் கம்பெனி விமானம்தான். செய்தியைப் பார்த்துவிட்டு உன் அண்ணி கையைப் பிசைகிறாள். உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் அந்த அட்டையை அப்படியே ஒப்பித்தாள். நடுவில் இருமல் வந்தது, இருமிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். எனக்குச் சிரிப்பு வந்ததே தவிர தைரியம் வரவில்லை.

நீ உள்ளே இருப்பவள். நீ சொல், வரலாமா வேண்டாமா? நீ சொல்வதைத்தான் கேட்பேன். பதினெட்டாம் தேதி என்று அப்பாவிடம் சொல்லிவை, தெம்பாக இருப்பார்.

அண்ணன்

மார்ச் 12

அன்புள்ள அண்ணா,

இதை எழுதியது தெரிந்தால் என் வேலை போய்விடும். இப்போது வராதே. இந்த வாரம் மட்டும் இரண்டு தடவை எல்லோரையும் வெளியே ஓட வைத்தார்கள். நான் செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். யாரோ மறந்து வைத்த பை என்று பிறகு சொன்னார்கள். இருந்தாலும் தனியாகக் கிடக்கும் எந்தப் பையைப் பார்த்தாலும் விலகி நடக்கிறேன்.

முப்பதாம் தேதிக்கு மாற்றிக்கொள். டாக்டர் சொன்ன ஒரு மாதத்துக்குள்தானே வருகிறது. ஒரு நாளைக்கு நூறு பேரைத் தைரியமாகப் போகச் சொல்கிறேன். உன்னை வரச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

உன் தங்கை

மார்ச் 30

தங்கைக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். ஐந்து நாள் அங்கே இருந்தும் அம்மா எதிரில் உன்னிடம் எதுவும் கேட்க முடியவில்லை.

பதினெட்டாம் தேதி விமானம் பத்து நிமிடம் முன்னதாகவே தரையிறங்கியிருக்கிறது. விசாரித்தேன். அதில் வந்திருந்தால் அப்பாவோடு ஒரு நாளாவது இருந்திருப்பேன். அப்பா போன தகவல் வந்து, கிடைத்த விமானத்தில் ஏறி ஓடி வந்தும், கடைசியாக முகத்தைப் பார்க்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை. என்மேல் இருக்கும் பாசத்தில்தான் எழுதினாய், தெரியும். ஆனாலும், ஊரில் இருக்கிறவர்களிடம் எல்லாம் வாசித்த அட்டையை என்னிடமும் வாசித்திருக்கக் கூடாதா?

அப்பா என்னைக் கேட்டாரா? அதை மட்டும் எழுது. மறைக்காதே.

அண்ணன்

ஏப்ரல் 6

அண்ணா,

கேட்டார்.

தேதி மாறியதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினெட்டாம் தேதி காலையிலேயே கட்டிலை வாசல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னார். "எங்க வந்துட்டிருக்கான்?" என்றார். "விமானம் லேட்டுப்பா" என்றேன். கவுன்ட்டரில் சொல்கிற அதே குரலில் சொன்னேன். நம்பிவிட்டார். விமானக் கம்பெனியில் வேலை பார்க்கிற மகள் சொன்னால் நம்ப மாட்டாரா? மறுநாள் மதியம்வரை நாலைந்து தடவை கேட்டார். ஒவ்வொரு தடவையும் லேட் என்றேன். அம்மா கேட்கப் பொறுக்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மூச்சு வாங்க ஆரம்பித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இறங்கிட்டானா?" என்றார்.

"இறங்கிட்டான்பா. பெட்டி வர்றதுக்காக நிக்கிறான். இப்ப வந்துடுவான்."

"அவசரப்பட வேணாம்னு சொல்லு. நான் இருக்கேன்."

அதன் பிறகு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை நான்தான் மூடிவிட்டேன்.

உன் கடிதத்தைப் பார்த்தாலே 'இறங்கிட்டானா' என்பதுதான் காதில் விழுகிறது. நீ இனி எனக்கு எழுத வேண்டாம். அம்மாவிடம் மட்டும் வாராவாரம் பேசு.

தங்கை