எண்ணெய் வைக்காமல் மான் வேட்டைக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

அரிசோனாவில் சித்தப்பா வீட்டிலிருந்து உங்கள் மகள் அனிஷா எழுதுவது. மாதா புண்ணியத்தில் சுகமாக இருக்கிறேன். அம்மாவின் கால்வீக்கம் வற்றிவிட்டதா? உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்; போனில் கேட்க வெட்கமாக இருந்ததால் எழுதி, போட்டோ எடுத்துத் தம்பி ஆன்றோவுக்கு அனுப்புகிறேன்.

மாதக் கடைசியில் ரோச் சித்தப்பா வில் அம்போடு மான் வேட்டைக்குப் போகிறார். பயப்படாதீர்கள், இங்கே அதற்கு லைசன்ஸ் உண்டு. நம் தேரிக்காட்டைப் போல வறண்ட மலை, கொளுத்தும் வெயில். இருக்கிற ஒரே தண்ணீர்க்குட்டை ஓரம் துணிக்கூடாரத்தில் ஒளிந்திருக்க வேண்டுமாம். கறி கெடாமலிருக்க ஐஸ் பெட்டியும் போகிறது. நேற்று வாசலில் சித்தப்பா மாவைத் தூவிக் காற்று எந்தப் பக்கம் என்று பழகிப் பார்த்தபோது, கரையில் நீங்கள் மணல் தூவிப் பார்ப்பது ஞாபகம் வந்தது.

என்னையும் கூப்பிட்டார். "ஆனா ஏளா, இனிமே தலைக்கு எண்ணெய் வைக்கப்பிடாது. அந்த வாசத்துக்கு மான் அடுத்த மலைக்கு ஓடிரும்" என்றார்.

"எண்ணெயைப் பிடுங்குனா பிள்ளை அழுதிருவா" என்று பிளாரன்ஸ் சித்தி சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். அம்மா தந்த பாட்டிலை மோந்துபார்த்துவிட்டுத்தான் படுப்பேன் என்று அவர்களுக்குத் தெரியாது. யாராவது வந்தால் இன்னொரு பாட்டில் கொடுத்துவிடுங்கள்.

சின்ன வயதில் வள்ளத்தில் ஏறுவேன் என்று அழுதேன். பொம்பளைப் பிள்ளை கடலுக்கு ஆகாது என்று அம்மாவைச் சொல்லவைத்துவிட்டு, நீங்கள் திரும்பிப் பார்க்காமல் போனீர்கள். இப்போது என்னையும் வா என்கிறார்கள், அப்பா. எனக்குப் போக ஆசை. சித்தியின் குழந்தை எழுந்துவிட்டது, முடிக்கிறேன். வேண்டாம் என்றாலும் இந்தத் தடவை நீங்களே சொல்லுங்கள்.

உங்கள்
அனிஷா