நீ மட்டும் அறிந்த ஐந்து வருஷம்

என் சரசுவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. சமையலில் உப்புதான் இன்னும் பிடிபடவில்லை, மற்றபடி சமாளித்துக்கொள்கிறேன். இன்றைக்கு உன்னிடம் சிலது கேட்க வேண்டும். கோபத்தில் இல்லை, தெரிந்துகொள்ளும் ஆசையில்.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா சிஸ்டர் வந்தார். நம் மகள் கவிதாவுக்குத் தடுப்பூசி போட்ட அதே நர்ஸ்தான். ரிட்டயர்டாகி அந்தியூர்ப் பக்கம் போய்விட்டதால் சேதி தாமதமாகத்தான் தெரிந்ததாம். உன் படத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "தெகிரியமான பொண்ணுங்க. காப்பர்-டி போட்ட அன்னிக்கே மத்தியானம் கம்பெனிக்குப் போயிட்டாளுங்க."

"யாருங்க?" என்றேன்.

சிஸ்டரின் முகம் மாறிவிட்டது. "உங்களுக்குத் தெரியும்னுல்லங்க நெனச்சேன்."

பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். கவிதாவுக்கு மூன்று வயதானபோது, மோட்டார் கம்பெனியில் செப்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் பிரிவுக்கு உன்னைப் பொறுப்பாகப் போட்டார்கள் அல்லவா? அதுவரை ஆண்கள் மட்டுமே பார்த்த வேலை. அவர்களுக்குக் கொடுத்த அதே சம்பளம் வேண்டும் என்று நீ கேட்டு வாங்கினாய். "இப்ப வயித்துல வந்துட்டா வேற ஆளப் போட்டுருவாங்க சிஸ்டர்" என்று அவரிடம் போய் நின்றாயாம்.

காப்பர்-டியோடு நீ இருந்த அந்த ஐந்து வருஷமும், இரண்டாவது நிற்கவில்லையே என்று என் அம்மா உன்னை ஒரு வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு அலைந்தார். மாதா மாதம் கஷாயம். மூக்கைப் பிடித்துக்கொண்டு நீ குடித்ததை நானே பார்த்திருக்கிறேன். எப்படிச் சரசு, முகத்தில் ஒன்றும் காட்டாமல்? அப்புறம் நீயாகப் போய்க் காப்பர்-டியை எடுத்துவிட்டு வந்து, நம் கார்த்தி பிறந்தான். அம்மா அந்த வைத்தியரின் பெருமையை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாரே, அப்போதாவது தனியாகச் சிரித்தாயா?

"ஊட்டுக்காரர்கிட்டச் சொல்லலையா அம்மணி?" என்று சிஸ்டர் அன்று கேட்டாராம்.

"அவரு நல்லவருதானுங்க. ஆனா அவங்கம்மா கேட்டா மறைக்கத் தெரியாதுங்க" என்றாயாம்.

நல்லவர் என்று நீ சொன்னதில் கொஞ்ச நேரம் மனம் குளிர்ந்து உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. நீ பொறுப்பேற்ற புதிதில் ஒருநாள் பைக்கில் வரும்போது பின்னாலிருந்து, "ஏனுங்க, ரெண்டாவது கொஞ்ச நாள் போகட்டுங்களா?" என்று கேட்டாய். "அதெல்லாம் அம்மா சொல்றபடிதான்" என்றேன். வண்டியைக்கூட நிறுத்தவில்லை. முதலில் என்னிடம்தான் வந்திருக்கிறாய், இல்லையா?

இன்னொன்றும் நடந்தது. உடுமலைப்பேட்டையிலிருந்து கவிதாவின் மாமியார் புதன்கிழமை போன் செய்தார். "கல்யாணமாகி ரெண்டு வருசமாச்சுங்க சம்பந்தி. பேங்க்குல ஆபீசர் பரீட்ச எழுதோணும், அப்புறம் பாக்கலாங்கறா. நீங்கதான் எடுத்துச் சொல்லோணும்."

"சரிங்க" என்பது வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "அது அவ பாடுங்க. அவளுக்கு எப்பத் தோணுதோ அப்பப் பெத்துக்கட்டும்" என்றேன். போனை வைத்துவிட்டார். இன்னும் பேசவில்லை.

அன்று மாலை கவிதா அழைத்தாள். "அத்தைகிட்ட என்னப்பா சொன்னீங்க? பயங்கரக் கோவமா இருக்காங்க." சொன்னேன். உன் கதையையும் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கலாமா? நீ யாருக்கும் சொல்லாதது. ஆனால் அவளுக்கு அது வேண்டியிருந்தது என்று பட்டது. கஷாயம் என்றதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியதும், "அம்மா தனியாவா போனாங்க?" என்றாள்.

சிஸ்டரிடம் அதைக் கேட்கத் தோன்றவில்லை. எந்த பஸ்ஸில் போனாய்? வலித்ததா? அன்று சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது நாம் என்ன பேசினோம்?

கவிதா எந்த முடிவெடுத்து எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், அவள் கூப்பிட்டால், வெளியே பெஞ்சில் நான் உட்கார்ந்திருப்பேன், சரசு. உள்ளே என்ன நடந்தது என்று அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். சொல்லாவிட்டால், வீடுவரைக்கும் பேசாமல் அவளோடு வருவேன்.

அன்று உன்னோடு வராத
உன் வீட்டுக்காரன்,
நடராஜ்