பொன்னுக்கு வீங்கியும் உன் இடது காதும்

என் செல்ல அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. இன்று உன் படத்தின் முன்னால் என்னால் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

என் மகள் செல்விக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. பெயரிலேயே பொன் இருக்கிறதே, கழுத்தில் நகை போட்டால் வடிந்துவிடும் என்று உன் சங்கிலியையே எடுத்துப் போட்டோம். தாடை வீக்கம் வடிந்தது. சின்ன வயதில் உனக்கு வந்தபோதும் அப்படித்தானே வடிந்தது?

முந்தாநாள் காலை போன் பேசிக்கொண்டிருந்தவள், சட்டென்று வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றினாள். பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"இன்னாடி, அந்தக் காது கேக்கலையா?"

"நேத்து நல்லாத்தான் இருந்துச்சி நைனா. காலைல எய்ந்தா கொய்யினு கீது, ஒண்ணும் கேக்கல."

"தண்ணி பூந்துகினு இருக்கும். எண்ண காய்ச்சி ரெண்டு சொட்டு வுட்டா சரியா பூடும்" என்று என் மனைவி கமலா கரண்டியை எடுத்தாள். நான் கத்திவிட்டேன். உனக்கும் எண்ணெய்தானே ஊற்றினோம்? அடைப்பு என்று நீ சொல்வதை நிறுத்தியதும், சரியாகிவிட்டது என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

உத்திரமேரூரில் பஸ் ஏறி, அன்றே செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போனேன்.

"கன்னத்த வீங்க வச்ச வைரஸே உள்காதையும் தாக்கியிருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது. உடனே வந்தீங்களே, அது நல்லது" என்றார் டாக்டரம்மா. மாத்திரை கொடுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை மறுபடியும் சோதனை. திரும்பக் கேட்குமா என்றேன். பார்ப்போம் என்றார்.

என் கல்யாணத்தில் உன் இடப்பக்கம் நின்று மூன்று முறை கூப்பிட்டேன். நீ திரும்பவில்லை. திமிர் பிடித்தவள் என்று எல்லார் எதிரிலும் சொன்னேன், பேச்சையும் விட்டேன். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் சொன்னாய்: "இந்தாண்ட வாடா, அந்தக் காது எப்பவோ பூட்ச்சி." ஏன் அக்கா முன்பே சொல்லவில்லை? சொல்லியிருந்தால் மட்டும் நான் கேட்டிருப்பேனா?

இப்போது ஒரு நாளைக்குப் பத்து முறை செல்வியின் வலப்பக்கம் போய்ச் சும்மா கூப்பிட்டுப் பார்க்கிறேன். "இன்னா நைனா, பேஜார் பண்ற" என்கிறாள். ஆனால் இடப்பக்கம்தான் திரும்புகிறாள்.

வெள்ளிக்கிழமை என்ன சொல்வார்களோ தெரியாது. அந்தக் காது வராமலே போனாலும், கூப்பிட்டுத் திரும்பவில்லை என்று அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்ல விடமாட்டேன். இது சத்தியம்.

இவ்வளவு தாமதமாக உன் வலப்பக்கம் வந்து நிற்கும்,
உன் தம்பி